சிவப்பு நூல் கட்டிய கிளை

கல்முனைக்குடி
ஆவணி 1996

அன்பு மகன் அஸ்கிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உம்மாவும் வாப்பாவும் தங்கச்சி ஸுஹைறாவும் சுகம். தோஹாவில் நீயும் சுகம் என்று அறிந்தோம். உன் நாலு வரிக் கடிதத்தில் இரண்டு வரி வெயிலுக்கு, ஒரு வரி, அங்கே நீங்கள் அவகாடோ என்கிற உன் ஆனைக்கொய்யா மரத்துக்கு. மிச்ச ஒரு வரியை நாங்கள் மூன்று பேரும் பங்குபோட்டுக்கொண்டோம்.

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பண்டாரவளையிலிருந்து கால்சட்டைப் பைக்குள் நீ கொண்டுவந்த விதை கூரைக்கு மேலே வளர்ந்ததே தவிர ஒரு பிஞ்சு வைக்கவில்லை. ஸுஹைறாவுக்குக் கலியாணம் பேசி முடிந்ததும், பெண்ணுக்கு வீடு கட்ட நம் வீட்டு வளவுக்குள் அளவுக்கயிறு பிடித்தார்கள். மரம் சரியாகச் சமைக்கிற குசினிக்குள் நின்றது. காய்க்காத மரத்துக்காக ஒரு புள்ளையின்ட குசினியக் குறுக்கேலுமா என்று வாப்பா கேட்டார். நான் மூன்று ஒட்டுப் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். மேசன் வர முதல் மூண்டும் துளிர்க்கோணும், இல்லாட்டி வெட்டுறதான் என்றார். ஒட்டுப் பிடிக்காது என்ற நம்பிக்கையில் பெரிய மனதோடு சொன்னார்.

ஏன் மூன்று என்று நீ கேட்பாய். நான் வாசித்தபடி, இந்த மரத்தின் பூ ஒருமுறை பெண்ணாக விரிந்து மூடி, மறுநாள் ஆணாக விரியுமாம். சில வகைக்குக் காலையில் பெண், சில வகைக்குப் பின்னேரம். ஒரே வகை தனித்து நின்றால் ஒன்று விரியும்போது மற்றது மூடிக் கிடக்கும். நீ தொலைபேசி எடுக்கும்போது வாப்பா கடையில் நிற்பதும், வாப்பா உன்னைக் கேட்கும்போது நீ வேலையில் நிற்பதும் போல. அதனால் பதுளைக்குக் கருவாடு ஏற்றும் லொறிக்கார முனாப்பிடம் சொல்லி, மூன்று வகைக் குச்சிகளை ஈரக் கடதாசியில் சுற்றி எடுப்பித்தேன். கிளைகளைத் தறித்து, பிளந்து, சீவிய குச்சிகளைச் சொருகி, பொலித்தீனால் இறுக்கி, வகை மாறாமலிருக்க மேலே மருதமுனைத் தறிநூல் கட்டினேன். பச்சை, மஞ்சள், சிவப்பு.

அடுத்த நாள் உன் ஷரிபுதீன் மாமா வந்தார். ஜமாஅத்தில் போய்வந்த பிறகு, நூல் கட்டி நேர்வது மார்க்கத்துக்கு ஆகாது என்று, என் தம்பிக்கு எங்கே நூல் கட்டியிருந்தாலும் கை சும்மா இருக்காது. நான் ளுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் அவர் மரத்தில். சிவப்பைப் பொலித்தீனோடு அறுத்துவிட்டு, என்ன ராத்தா, கலியாணத்துக்கு மரத்துக்கும் நேர்ச்சையா என்றார். நேர்ச்சை இல்லடா, ஒட்டு, கட்ட அவுத்தாச் செத்துப்போகும் என்றேன். குச்சி அவர் கையோடு வந்துவிட்டது. அதன் சீவிய நுனியைப் பார்த்துக்கொண்டு இறங்காமலே இருந்தார். பிறகு முனாப்பின் லொறியில் தானே ஏறிப் போய், ஊருக்கே ஒட்டுப் போடலாம் என்கிற அளவுக்குக் குச்சி கொண்டுவந்தார். நான் மறுபடியும் ஒட்ட, சிவப்பு நூலைத் தன் கையாலேயே கட்டினார். முடிச்சைப் பார்த்தால் மாட்டைக் கட்டியது போலிருக்கும்.

பச்சையும் மஞ்சளும் துளிர்த்தன. பிந்திப் போட்ட சிவப்பு அசையவில்லை. அதற்குள் மேசன் வந்துவிட்டார். கோடாலியை நானே எடுத்துக் கிணற்றடியில் வைத்தேன், சொன்ன சொல் சொல்தானே. வெளியே போய்ப் பார்த்தால், குசினிக்குப் பிடித்த கயிறு மரத்தை விட்டு மேற்குப் பக்கம் தள்ளியிருந்தது. மேசன் பிழையாப் புடிச்சிட்டான், இனி மாத்தேலா என்றார் வாப்பா. மேசன் பாவம், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாப்பா உடுத்திருந்த சாரம் முழுக்கக் கயிற்றுத் தும்பு. நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

இனி மரம் ஸுஹைறாவின் வளவுக்குள். சிவப்புக் கிளை அவள் காக்கா உனக்குத்தான், கலியாணத்துக்கு நீ வந்தால் மட்டும் என்கிறாள். நேற்றுப் பார்த்தால், அந்த முடிச்சுக்கு மேலே மொட்டு ஒன்று வீங்கியிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள். நீ உழைத்துத் தேடும் ரிஸ்கிலும் உன் ஆயுளிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஒன்றை மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டு சபியா உம்மாவின் தொலைபேசிக்கு எடு. அன்றைக்குக் கடை பூட்டு. வாப்பா மரத்தடியில்தான் நிற்பார், கூப்பிட்டால் கேட்கும்.

துஆவுடன் உம்மா,
ஹாஜறா