தோளைப் பார்த்து அடித்தவர்

ஜனவரி 23

டயர் கடைக்கு மேலே உள்ள அறையில்தான் இன்றைக்கும் ஒத்திகை. சத்தம் வெளியே போகக் கூடாதென்று சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். சத்தம் போகவில்லை, சரி. கீழேயிருந்து ரப்பர் வாடை மட்டும் தாராளமாக உள்ளே வருகிறது. நாங்கள் நாலு பேர். பேத்தி வயலின். கிடார்க்காரன் கிடார். என் கொழுந்தனார் மேளம். நான் வாய்.

பேத்திதான் தலைவி. வீட்டில் நான் பாட்டி, மேடையில் அவள் சொன்னபடி நான் ஆட வேண்டும். இந்த வருடம் வெளியாட்களோடு சேர்ந்து வாசிக்கப் போகிறோமாம். புதிதாக ஏதாவது செய்யாவிட்டால் எங்களை மறந்துவிடுவார்களாம். மறக்கிறவர்கள் மறக்கட்டும். நான் மறப்பதில்லை.

"சின்னத் தாத்தாகிட்ட சொல்லு, ரெண்டாவது பாட்டுல முந்துறாருன்னு" என்றேன் பேத்தியிடம். கொழுந்தனார் மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் முன்னால் போய்க் குனிந்து சொன்னாள். பதினொரு வருடமாக இப்படித்தான்.

ஜனவரி 30

பத்திரிகையில் எங்களைப் பற்றி வந்திருக்கிறது. பாடுகிறவருக்கும் மேளக்காரருக்கும் நடுவே ஓடும் "மௌன உரையாடல்" என்று ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறான். பேச்சுவார்த்தை இல்லாததைத்தான் பாவம் அப்படி எழுதியிருக்கிறான். கிடார்க்காரன் அதைப் படித்துக் காட்டிச் சிரித்து, தின்றுகொண்டிருந்த பிஸ்கட் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

காரணம் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஓட்டல் சலவைக்கூடத்தில் பதினாறு வருடம் இஸ்திரி போட்டவள் நான். ஆவியில் நின்றபடியே ஒரு பாட்டுக் கட்டினேன். கட்டிய அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து பாடினேன். தகர மூடியில் தட்டித் தட்டி அதற்குத் தாளம் கண்டுபிடித்தவர் இந்தக் கொழுந்தனார்தான். என் வீட்டுக்காரர் அப்போது வீட்டிலேயே இல்லை. அவர் செத்த மூன்றாம் மாதம், மேடையில், மைக்கைப் பிடித்து, "இது எங்க அண்ணன் கட்டின பாட்டு" என்றார் கொழுந்தனார். பழுப்புச் சட்டை. இரண்டாவது பொத்தான் இல்லாமல் ஊக்கு குத்தியிருந்தார். கூட்டம் எழுந்து நின்று செத்தவருக்குக் கை தட்டியது. நானும் சேர்ந்து கும்பிட்டேன். வேறென்ன செய்ய?

அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை.

பிப்ரவரி 19

பியானோக்காரர் வந்தார். வெளிநாட்டில் படித்தவர், விரலெல்லாம் மெழுகுவர்த்தி மாதிரி. பியானோவை நடுவில் போட்டு என்னை முன்னே தள்ளி, கொழுந்தனாரை எனக்குப் பின்னால் ஒரு தூண் ஓரம் உட்கார வைத்துவிட்டார்.

முதல் பாட்டிலேயே மேளம் சறுக்கியது. இரண்டாவதிலும்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பாட மூச்சு இழுக்கும்போது என் வலது தோள் ஏறும். அதைப் பார்த்துத்தான் அவர் கை வைப்பார். முன்பெல்லாம் காதும் இருந்தது, கண்ணும் இருந்தது. இப்போது கண் மட்டும்தான். தூண் மறைத்தால் மேளம் குருடு.

அவருக்குக் காது கேட்கவில்லை. இது எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார், அதில் மஞ்சளாக ஊறியிருந்தது. பிறகு வலது காதிலும். முடியை வளர்த்து மறைத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு அவர் வயதானவர், சொன்னதைக் காதில் வாங்காத ஆள், அவ்வளவுதான்.

"தோள் தெரியற மாதிரி உக்கார வை" என்று மட்டும் பேத்தியிடம் சொன்னேன். நகர்த்தினார்கள். மூன்றாவது பாட்டு தாளத்தில் நின்றது. எல்லோரும் பியானோக்காரரைப் பாராட்டினார்கள்.

மே 11

நாற்பது பேர் கோரஸோடு நிகழ்ச்சி. எல்லோரும் வெள்ளை உடுப்பு, மருத்துவமனை மாதிரி இருந்தது. கொழுந்தனார் நாற்பது பேரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, என்னைப் பார்த்தால் போதும். நன்றாக நடந்தது.

ஜூன் 17

மூன்றாவது வெளியாளும் வந்தாயிற்று. மடிக்கணினியும் பொத்தான் பலகையும் கொண்டு வருவதால் அவனுக்குப் பெட்டிக்காரன் என்று பெயர் வைத்தேன். கெட்டவன் இல்லை. வந்ததும் செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்தான்.

அவன் பெட்டி டக், டக் என்று எண்ணுமாம். ஆளாளுக்கு ஒரு இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அந்த எண்ணிக்கைக்கு வாசிக்க வேண்டுமாம். எனக்கும் மாட்டினான். தலைக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி.

கொழுந்தனாரும் வாங்கி மாட்டிக்கொண்டார். கேட்பது மாதிரியே தலையை ஆட்டினார். பெட்டி ஒரு பக்கம் போனது, மேளம் ஒரு பக்கம் போனது. கழற்றிக் கொடுத்தபோது பெட்டிக்காரன் அதைத் துணியால் துடைத்தான். மூக்கைச் சுளித்தான். பேத்தி பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நான் பார்த்ததைக் கொழுந்தனாரும் பார்த்தார்.

ஜூன் 18

சொல்ல வேண்டும். அவரிடம் இல்லாவிட்டால் பேத்தியிடமாவது.

சொன்னால் மேளத்தைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால்தான் சொல்லவில்லை என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அது பொய். இரண்டு வருடமாக அந்த மனுஷன் என் தோளை நம்பித்தான் பிழைக்கிறார். அது எனக்குப் பிடித்திருந்தது. எழுதிவிட்டேன், அழிக்க மாட்டேன்.

ஜூலை 9

பெட்டிக்காரன் கொழுந்தனாரைத் தனியாக உட்கார வைத்து ஒவ்வொரு அடியாகப் பதிவு செய்தான். ஓரத்தில் ஒரு அடி, நடுவில் ஒரு அடி, விரலால், உள்ளங்கையால். மதியம் முழுக்க. தனக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து மேளக்காரர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 24

விழுந்துவிட்டார்.

நாலாவது பாட்டு. தோளை ஏற்றினேன், அடி வரவில்லை. திரும்பிப் பார்த்தால் இரண்டு கையாலும் மேளத்தைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார், படகில் உட்கார்ந்தவர் மாதிரி. அப்படியே பக்கவாட்டில் சரிந்து மேடையிலிருந்து கீழே. மேளம் உருண்டு முன்வரிசைக்காரர்கள் காலடியில் போய் நின்றது. ஒருவன் போன் எடுத்துப் படம் பிடித்தான். "செம போதை" என்று எவனோ சத்தமாகச் சொன்னான். சிரிப்பு.

ஒப்பனை அறையில் பேத்தி கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"பாட்டி, உண்மையைச் சொல்லுங்க. குடிக்கிறாரா?"

அவர் அப்பா குடித்துக் குடித்தே செத்தவர். அதைப் பார்த்து வளர்ந்ததால் ஒரு சொட்டு நாக்கில் வைக்காத ஆள். இது எனக்குத் தெரியாதா?

"எனக்கென்ன தெரியும்" என்றேன். "நாங்கதான் பேசறதில்லையே."

செப்டம்பர் 2

அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பேத்தி வீட்டுக்கே போய்ச் சொன்னாளாம். அவர் ஒன்றும் கேட்கவில்லையாம், தலையை ஆட்டினாராம். என்ன சொன்னாள் என்பதாவது அவருக்கு விளங்கியிருக்குமா?

அன்று மேடையில் அவர் என் வாயிலிருந்து பாட்டைப் பிடுங்கினார். இன்று அவர் வாயில் நான் சாராயத்தை ஊற்றியிருக்கிறேன். சரிக்குச் சரி. சரிக்குச் சரி என்றால் ஏன் சோறு இறங்கவில்லை?

அக்டோபர் 13

பெட்டிக்குள்ளிருந்து அவர் அடி வருகிறது. அதே ஓரம், அதே உள்ளங்கை. ஆள் இல்லை.

சலவைக்கூடத்தில் கட்டிய அந்த இஸ்திரிப் பாட்டில் ஓர் இடத்தில் நான் மூச்சைப் பிடித்து நிறுத்துவேன். எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியாது, நெஞ்சு சொல்லும். இன்றைக்கு நிறுத்தினேன். பெட்டி நிற்கவில்லை. அது பாட்டுக்குப் போனது. பின்னாலேயே ஓடிப் பிடித்தேன். எழுபத்தோரு வயதில் பஸ்ஸுக்கு ஓடுகிற மாதிரி.

கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. நன்றாகக் கை தட்டினார்கள்.

நவம்பர் 6

ஓரகத்தி வந்தாள், கொழுந்தனாரின் மனைவி. பதினொரு வருடமாக நல்லது கெட்டதுக்கு வாசலோடு நின்றுவிட்டுப் போகிறவள், இன்றைக்கு நேரே சமையலறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, கடைக்குப் போனா குடிகாரன் பொண்டாட்டிங்கறாங்க. அவர் அந்தப் பக்கமே போனதில்ல. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எழுந்தால் தலை சுற்றுகிறதாம். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடக்கிறாராம். கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே கூப்பிட்டா திரும்பாத மனுஷன்தானே, அவர் குணம்னு நெனச்சேன்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றேன்.

காது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா?

நவம்பர் 14

டாக்டர் சொன்னதை ஓரகத்தி போனில் சொன்னாள். சீழ் பிடித்து உள்ளே இருக்கிற சின்ன எலும்புகளை அரித்துவிட்டதாம். இடது காதில் ஒன்றுமே இல்லை. வலது காதில், பக்கத்தில் வந்து கத்தினால் ஏதோ இரைச்சல் மட்டும். தலைச்சுற்றலும் அதனால்தான். மூளைக்குப் போகாமல் இருக்க ஆபரேஷன் செய்ய வேண்டும். செய்தாலும் கேட்காது.

"ரெண்டு வருஷம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னார் அக்கா."

இரண்டு வருடம். நான் எழுதி வைத்திருக்கிறேன், மேலே.

நவம்பர் 15

பாட உட்கார்ந்தேன். வரவில்லை.

நவம்பர் 27

ஆபரேஷன் முடிந்தது. தலையில் பெரிய கட்டாம். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது.

டிசம்பர் 18

பாட்டுகளெல்லாம் இசைத்தட்டாக வருகின்றன. அதன் அட்டைக்குள் போட, இந்த வருடம் எப்படிப் போனது என்று பேத்தி எழுதியிருந்தாள். டயர் கடை மாடியில் எல்லோரையும் உட்கார வைத்து வாசித்தாள். நன்றாகத்தான் எழுதுகிறாள். பியானோக்காரர் கற்றுத்தந்தது, நாற்பது குரல்கள், பெட்டிக்காரனால் திறந்த புது வழி. கடைசியில் மேளத்துக்கு வந்தாள். "சில பழக்கங்களின் காரணமாக எங்கள் மூத்த கலைஞரைப் பிரிய நேர்ந்தது. சில மாற்றங்கள் தவிர்க்க முடியாதவை."

"பழக்கம்னா என்ன பழக்கம்?" என்றேன்.

"பாட்டி, நாசூக்காத்தான் எழுதியிருக்கேன்."

"அவர் குடிக்கல. அவருக்குக் காது போயிடுச்சு. ரெண்டு வருஷமா என் தோளைப் பாத்துத்தான் அடிச்சாரு. எனக்குத் தெரியும்."

கிடார்க்காரன் பிஸ்கட்டைக் கையிலேயே வைத்திருந்தான். பெட்டிக்காரன் தன் செருப்பைப் பார்த்தான். அன்றைக்குத் துடைத்த துணி அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

பேத்தி தான் எழுதியிருந்ததை மடிக்கணினியில் மறுபடி பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்கு நான் உங்ககிட்ட கேட்டேன்ல?"

"கேட்ட."

"நேரா வந்து உக்காந்து கேட்டேன்ல பாட்டி?"

"கேட்டடி."

"நீங்க ரெண்டு பேரும் பேசாததை நாங்கல்லாம் ஒரு தமாஷா வச்சிருந்தோம்" என்றாள். மடிக்கணினியை மூடினாள். அடியிலிருந்து திரும்ப எழுத வேண்டும் என்றாள். என்னை வீட்டில் விடுகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் வந்தேன்.

டிசம்பர் 20

போனேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டு அவிழ்த்து, காதுக்குப் பின்னால் தையல், முடியெல்லாம் மழித்து. பதினொரு வருடத்துக்குப் பிறகு அவர் முன்னால் நேருக்கு நேர் நின்று வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். எப்படியும் கேட்கவில்லை. கேட்காது என்று தெரிந்தும் முழுக்கச் சொன்னேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பேசினார். தன் சத்தம் தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் அண்ணி?"

இரண்டு விரலைக் காட்டினேன்.

தலையை ஆட்டினார், அது தனக்குத் தெரிந்ததுதான் என்பது போல. "பஞ்சு வச்சிருந்த முதல் நாளே உங்க கண்ணு என் காதுல வந்து நின்னுச்சு. அதுக்கப்புறமும் எத்தனையோ தடவை. என் வாயால சொன்னா மேளம் போயிடும்னு பயம். நீங்க யார்கிட்டயாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு ஒத்திகையிலயும் பாத்தேன்."

அவ்வளவுதான். திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

டிசம்பர் 21

என் தோளைப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

டிசம்பர் 29

குழு வெளியூர் கிளம்பியது. நான் போகவில்லை. இஸ்திரிப் பாட்டை யார் பாடுவது என்று பேத்தி கிடார்க்காரனை விட்டுக் கேட்டாள். யார் வேண்டுமானாலும் பாடட்டும், யார் பெயரை வேண்டுமானாலும் சொல்லட்டும் என்றேன். அவளாக வந்து கேட்கவில்லை.

ஜனவரி 4

ஓரகத்தி போன் செய்தாள். அவளுக்குக் கை நடுக்கம். காதில் விட வேண்டிய சொட்டு கண்ணில் விழுந்துவிட்டதாம்.

"உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு அக்கா. அது இருக்கட்டும். மருந்து விடணும், வாங்க."

ஜனவரி 16

தினமும் இரண்டு வேளை போகிறேன். நான் வந்தால் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்க்கிறார். ஒரு பக்கம் ஐந்து சொட்டு, ஐந்து நிமிடம் அசையக் கூடாது. பிறகு மறுபக்கம். அந்தப் பத்து நிமிடமும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறேன்.

இன்றோடு இருபத்தேழு நாள், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. "அவங்ககிட்ட சொல்லு, மருந்து ஜில்லுனு இருக்கு, வெந்நீர்ல வச்சு எடுக்கணும்" என்று ஓரகத்தியிடம் சொன்னார். நான் பக்கத்திலேயே, மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் பக்கம் திரும்பி, அப்படியே சொன்னாள்.

வெந்நீர் வைக்கப் போனேன்.