மேல லேபிள் நம்ம கம்பெனி

மதினி, இன்று காலை சிவகாசியிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்குப் புதுக் காலண்டர் கட்டு வந்தது. பிரித்ததும் மை வாசனை. பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸிலிருந்து நீங்கள் வீடு திரும்பும்போது சேலையில் வருமே, அதே வாசனை.

பட்டாசு லோடு ஓட்டிய அண்ணன் எச்.ஐ.வி.யால் போன பிறகுதான் உங்களுக்கும் அது இருப்பது தெரிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். நீங்களோ, "அங்கன வரிசையில நின்னா ஊரே பாக்கும்" என்று போகவே இல்லை.

தீபாவளி லீவில் வந்த நான், உங்களை எப்படி அழைத்துப்போவதென்று தெரியாமல் என் எச்.ஐ.வி. தடுப்பூசி ஆராய்ச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நம்மைப் பிடிக்கும் வைரஸ் குரங்குகளிடம் நிலைக்காது. குரங்குகளுக்கென்று வேறொரு வைரஸ் உண்டு. அதன் உறையை எடுத்துவிட்டு நம்முடையதன் உறையை மாட்டுகிறோம். தடுப்பூசி போட்ட குரங்கு இந்தக் கலப்பு வைரஸைத் தாங்குகிறதா என்று பார்க்கிறோம்.

"அப்ப உள்ள வெடி அவுக கம்பெனி, மேல லேபிள் நம்ம கம்பெனி. அப்படித்தானளா?"

நான் துள்ளிவிட்டேன். எங்கள் பேராசிரியருக்கே இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வராது!

"அந்தக் கொரங்குக்கு நோவு வருமா?"

"சிலதுக்கு வரும் மதினி."

"வாயில்லாச் சீவன் எனக்காக ஊசி வாங்குது. நான் மாத்திரை முழுங்க வெக்கப்படுறேன். நாளைக்கே போவோம்."

மறுநாள் விருதுநகர் ஆஸ்பத்திரி வரிசையில், அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நீங்களே அந்த லேபிள் கதையைச் சொன்னீர்கள்.

மறு வருடம் நான் பிரஸ்ஸுக்குப் போன் செய்தேன். "ஊசி போட்ட குரங்குகள்ல வைரஸ் அடங்கிருச்சு மதினி!"

"எம்புட்டு?" மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினீர்கள்.

"சிலதுல கண்டுபிடிக்கவே முடியல!"

"எங்க நாத்தனா ஜெயிச்சிட்டா" என்று பிரஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தீர்களாம். எதில் ஜெயித்தேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு அதே ஊசி மனிதர்களிடம் பலிக்கவில்லை. போனில் அழுதேன். "ஒரு டிசைன் சரியா வரலைன்னா பிரஸ்ஸ மூடிருவாகளா? அடுத்ததப் போடுளா" என்றீர்கள்.

போட்டிருக்கிறோம் மதினி. இன்று புது ஊசிச் சோதனையின் முதல் நாள். காலையிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை.

போன ஆடியில் நீங்கள் போனது மாரடைப்பால். "எச்.ஐ.வி. கட்டுக்குள்ளதான் இருந்துச்சு, ஒரு வேளை மாத்திரையும் விட்டதில்ல" என்று டாக்டர் சொன்னார். அத்தனை அழுகைக்கு நடுவிலும் எனக்கு ஒரு பெருமிதம் வந்தது. அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.