பெட்டியின் அடியில் இருந்த ஸ்கார்ஃப்

என் செல்ல மகனுக்கு,

உன் அக்காவின் பெரியவள் நீச்சலில் முதலாவதாக வந்துவிட்டாள். சின்னவன் சாரணர் முகாமில் தானே சோறு வடித்து, அதைத் தின்றும் காட்டினான். உன் மகளும் சாரணியர் படையில் சேர்ந்துவிட்டாளாமே! அக்காதான் சொன்னாள். உடனே உன் அப்பா காதில் போட்டேன்.

"சேரட்டும், எனக்கென்ன" என்றார், பேப்பரை இறக்காமலே.

கொஞ்ச நேரம் கழித்து பீரோவிலிருந்து சாரணர் பெட்டியை எடுத்தார். உன் தாத்தாவின் தொப்பி, இவருடைய பதக்கங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் உன் ஸ்கார்ஃப். நீ கோபித்துக்கொண்டு கிளம்பிய அன்று குப்பையில் போட்டுவிட்டேன் என்றாரே, அதுதான். தன் கையாலேயே துவைத்து இஸ்திரி போட்டார்.

"பிள்ளைக்குக் கட்டத் தெரியாதே" என்று மெல்லப் பேச்சைப் போட்டுப் பார்த்தேன்.

"அவ அப்பன் கட்டிவிடுவான். நான்தானே அவனுக்குக் கத்துக்கொடுத்தேன்" என்றார். நீ போனபின் உன்னைப் பற்றி அவர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

கூடத்துச் சுவரில் புதிதாக ஓர் ஆணி அடித்திருக்கிறார். எதுக்கு என்று கேட்டால், "சும்மாதான்" என்கிறார்.

ஸ்கார்ஃபை இத்துடன் வைத்திருக்கிறேன். குழந்தைக்கு நீயே கட்டிவிட்டு, நீயும் பக்கத்தில் நின்று புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு.

அம்மா