ஆமென் வரைக்கும் நிற்காத ஸ்பீக்கர்

நவம்பர் இரண்டு, மாலை ஆறு முப்பது. தெருச் சிலுவைக் கோயிலான குருசடிக்கு முன்னால் நின்றவர்கள் ஆறு பேர். செபமாலை சொன்னது ஒரு ஸ்பீக்கர். குரல் உங்களுடையது.

எனக்குப் பெண்ணையும் கொடுத்து, கூடவே நாளுக்கொரு சண்டையும் கொடுத்த சலேத் மாமிக்கு,

கல்லறைத் திருநாள் என்று காலையிலேயே உங்களிடம் வந்திருந்தோம். உங்கள் மகள் ஜெனோ கல்லறையைக் கழுவிப் பூ வைத்தாள். கடல்காற்றில் மெழுகுதிரி நிற்கவில்லை. எண்ணெய் டின் ஒன்றை வெட்டி மறைப்பு வைத்தேன். “துறைமுகத்துல கிரேன் பாக்குற மாப்ள, திரியக் கூட நிக்க வச்சிட்டாரு” என்று பக்கத்துக் கல்லறைக்காரர்கள் கேலி பண்ணினார்கள். அங்கே உங்களிடம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. இப்போது இருக்கிறது. சாயங்காலம் உங்கள் குரலை நான் அணைத்துவிட்டேன். தெரு முழுக்க அதுதான் பேச்சு. வேறு யார் வழியாகவும் உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

கோபத்தை முதலிலிருந்தே சொல்கிறேன். நீங்கள் போன அன்று வைத்த ஃப்ளெக்ஸில் “அமைதியின் உருவமே” என்று அடித்திருந்தார்கள். அமைதியா? நீங்களா? மார்க்கெட்டில் உங்கள் கருவாட்டுக் கடைக்கு எதிர்க்கடைக்காரன் கூட உங்கள் சத்தத்தில்தான் யாவாரம் பண்ணினான். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, “ஏலே, அந்த பைக்க ஆஃப் பண்ணுல, மாதாவுக்குக் காது வலிக்கி” என்று கத்திவிட்டு, விட்ட செபமாலை மணியிலேயே தொடர்ந்த ஆள் நீங்கள். உங்கள் விசுவாசம் அப்படித்தான் இருந்தது. சத்தமாக, கருவாட்டு வாடையோடு, யாருக்கும் பயப்படாமல். அதை ஏன் இவர்கள் இஸ்திரி போட்டு மடித்து வைக்கப் பார்க்கிறார்கள்?

தொம்மை அண்ணாச்சியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை வேறு யாராவது எடுத்துப் படித்தால் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு காலத்தில் விசைப்படகு ஓட்டியவர். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டுவார். பெண்டாட்டி பெயர்கூட வாயில் வராது. ஆனால் செபமாலையில், ஒவ்வொரு மணிக்கும் நீங்கள் முன்பாதி சொன்னதும் எல்லாரும் சொல்கிற பதில் மட்டும் வரும். அர்ச்சிஷ்ட மரியாயே என்று தொடங்கி, ஈரக் கயிற்றை இழுப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக இழுத்து, ஆமென் வரைக்கும் வந்துவிடுவார். மற்றவர்கள் எல்லாரும் எப்போதோ முடித்திருப்பார்கள். நீங்கள் அடுத்த மணியைத் தொடவே மாட்டீர்கள். அவருடைய ஆமென் வந்த பிறகுதான் உங்கள் வாய் திறக்கும்.

பெண்கள் முனகுவார்கள். “அக்கா, அடுப்புல சோறு கெடக்கு.” நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். “ஏளா, மாதா எங்கயும் பஸ் புடிக்கப் போவல. நில்லு.”

நானும்தான் முனகினேன். எனக்குக் காத்திருப்பது என்றாலே ஆகாது. ஒருநாள் நேராகவே கேட்டேன்: “மாமி, ஒரு செபமாலைக்கு ஐம்பத்து மூணு தடவ அவருக்காக நிக்கிறீங்க. இதெல்லாம் தேவையா?”

“எண்ணிட்டீங்களா மாப்ள? அப்ப ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் இருந்திருக்கீங்க. சந்தோசம்.”

வாய் பேசுகிறவர்களிடம் நான் தோற்பது உங்களிடம் மட்டும்தான்.

நீங்கள் போன பிறகு குருசடியில் முன்னால் நின்று சொல்ல யாரும் வரவில்லை. ஒருத்திக்கு வெட்கம், ஒருத்திக்கு மூட்டுவலி, ஒருத்திக்கு சீரியல். அந்தச் சின்னச் சிலுவைக் கோயில் சில மாதம் விளக்கு மட்டும் எரிந்துகொண்டு கிடந்தது. பிறகு கமிட்டிக்கு ஒரு யோசனை வந்தது. போன வருசம், ஓமனில் இருக்கிற உங்கள் மகன் கேட்பதற்காக, ஜெனோ உங்கள் செபமாலையைப் போனில் பதிந்து அனுப்பினாளே, அதை வாங்கிப் போய் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தார்கள். சுத்தம் பண்ணி, பென்டிரைவில் ஏற்றி, டைமர் வைத்து, போன வாரம் கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டினார்கள். எர்த் கூடக் கொடுக்கவில்லை. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

இரண்டாம் ஷிப்ட்டில் இருந்ததால் இன்றுதான் நான் அதை முதலில் கேட்டேன். ஆறரைக்கு டைமர் விழுந்தது. உங்கள் குரல் தெரு முழுக்க வந்தது. ஜெனோ கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது மணியிலேயே எனக்கு விசயம் தெரிந்துவிட்டது. நீங்கள் காத்திருந்த இடத்தையெல்லாம் வெட்டி எடுத்திருந்தார்கள். பைக்குக்காரனைத் திட்டினது இல்லை. தொம்மை அண்ணாச்சியின் ஆமென் இல்லை. சத்தமில்லாத இடம் என்றால் அந்த ஸ்டுடியோக்காரனுக்குக் குப்பை.

தொம்மை அண்ணாச்சி வழக்கமான இடத்தில், சுவரில் கை ஊன்றி நின்றார். அர்ச்சிஷ்ட மரியாயே என்று ஆரம்பித்தார். சர்வேசுரனுடைய என்று வருவதற்குள் நீங்கள் அடுத்த மணிக்குப் போய்விட்டீர்கள். அவர் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி நீங்கள் முந்தினீர்கள். நாலாவது மணியில் வாயை மூடிக்கொண்டார். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார், மாமி. உங்கள் குரலை நம்பி வந்த மனுசன். சலேத் ஏன் இப்போதெல்லாம் நிற்க மாட்டேன் என்கிறாள் என்று அந்தப் பார்வை கேட்டது.

நான் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

கமிட்டித் தலைவர் லாரன்ஸ் அண்ணாச்சி பாய்ந்து வந்தார். “ஏலே ரூபன், என்னல பண்ணுத? செத்த பொம்பள குரல நிப்பாட்டுதியே, அதுவும் கல்லறத் திருநாளு அன்னைக்கி!”

“அண்ணாச்சி, இது அவுங்க கொரல். அவுங்க செபமால இல்ல.”

“உன் மாமியாருக்கு இதவிட என்ன மரியாதல வேணும்? கோயிலுக்கு மூணு பேரு வாரான், அதுல ரெண்டு பேரு போன நோண்டுதான். நாங்க என்ன செய்யச் சொல்லுத?”

“தொம்மை அண்ணாச்சிக்கு நிக்கச் சொல்லுதேன்.”

“மிசினு நிக்குமால?”

நிற்கும் அண்ணாச்சி, என்றேன். துறைமுகத்தில் நான் பார்க்கிற கிரேன் நிற்கும். பெட்டியைப் பிடித்தாயிற்று என்று கீழேயிருந்து பதில் சிக்னல் வராமல் அது ஒரு அங்குலம் தூக்காது. பதில் வராமல் தூக்கினால் ஆள் சாவான். நாற்பது டன் இரும்புக்கு இருக்கிற அந்த மரியாதை ஒரு செபத்துக்கு இல்லையா? இங்கே ஒருத்தர் பாதி சொல்ல, மற்றவர்கள் மீதி சொல்ல வேண்டும். மீதி வந்து சேருவதற்கு முன்னால் ஓடுகிறது என்றால் அதற்குப் பெயர் ரேடியோ.

லாரன்ஸ் அண்ணாச்சி கெட்டவர் இல்லை. யாருமே வராத குருசடியை எப்படியாவது உயிரோடு வைக்கப் பார்த்தார். அவர் கேட்டதும் நியாயம்தான்: “நல்லா பேசுத. நீ வந்து முன்னால நின்னு சொல்லுவியால? ஷிப்ட்டு இருக்குன்னு சொல்லுவ. பெறவு?”

ஆனால் எனக்கு உறைத்தது அவர் சொன்னது அல்ல. ஜெனோ சொன்னது. கண்ணைத் துடைக்காமலே என்னைப் பார்த்தாள். “எங்கம்ம கொரல தெனம் கேக்கத்தான் நான் இங்கன வாரேன். அத நிப்பாட்டிட்டீங்க.” நான் ஏதோ சொல்லப் போனேன். அவள் விடவில்லை. தொம்மை அண்ணாச்சி பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “நிப்பாட்டத் தெரியுதுல்லா? அப்ப சொல்லுங்க.”

சொன்னேன், மாமி. நானே. உங்கள் சத்தத்தில் பாதிகூட வரவில்லை. மூன்றாம் தேவ இரகசியத்தைச் சொல்லும்போது வரி மறந்து முட்டிக்கொண்டேன். லாரன்ஸ் அண்ணாச்சி முறைத்துக்கொண்டே எடுத்துக்கொடுத்தார். ஒவ்வொரு மணிக்கும் நின்றேன். நிற்பது அவ்வளவு கஷ்டமென்று நீங்கள் சொல்லவே இல்லையே? உள்ளங்கால் அரிக்கிறது. அடுத்த சொல் நாக்கு நுனியில் வந்து முட்டுகிறது. பத்தாவது மணி வரைக்கும் தொம்மை அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. என்னை நம்பவில்லை போல. பதினோராவதில் ஆரம்பித்தார். ஆமென் வரைக்கும் வந்தார். லாரன்ஸ் அண்ணாச்சி நேரம் பார்த்துக்கொண்டிருந்த போனைப் பைக்குள் வைத்தார்.

உடனே, மாப்பிள்ளைக்கு விசுவாசம் வந்துவிட்டது என்று அங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். வந்ததா என்று எனக்கே தெரியாது. பங்குச் சாமிமார் சொல்வதில் பாதி எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை. ஆனால் ஒரு மனுசன் வாயில் மிச்சமிருக்கிற ஒரே பேச்சை, நேரம் மிச்சம் பண்ணுகிறேன் என்று யாரும் பிடுங்க முடியாது. என் கண் முன்னால் முடியாது. அதற்கு நீங்கள் வைத்த பெயர் செபம் என்றால், சரி, எனக்கும் அதுவே இருக்கட்டும்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை ஏணி போட்டு ஸ்பீக்கரை இறக்குவேன். திருவிழாப் பந்தலுக்கு ஆகும். அதற்கு முன்னால் அந்த வயரிங்கைப் பிரித்து ஒழுங்காக எர்த் கொடுப்பேன்.

2. ஜெனோவின் பழைய போனிலிருந்து வெட்டாத பதிவை எடுத்து அவளிடம் கொடுப்பேன். இருமல், பைக், திட்டு, எல்லாவற்றோடும். அவள் வீட்டில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும். ஓமனுக்கும் ஒன்று போகும்.

3. முதல் ஷிப்ட் வாரத்தில் நான் சொல்வேன். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் ஜெனோ சொல்ல வேண்டும் என்று கேட்பேன். இன்னும் கேட்கவில்லை. இன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தால் கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்பேன்.

4. ஒரு மாதம் போகட்டும். ஒருநாள் தொம்மை அண்ணாச்சியைச் சுவரோரத்திலிருந்து கூட்டி வந்து எங்களுக்கு முன்னால் நிறுத்துவேன். செபமாலையில் பத்து மணிக்கு அவர் முன்பாதி சொல்லட்டும், நாங்கள் பதில் சொல்கிறோம். அது அவருக்கு வருமா என்று தெரியாது. கமிட்டி நேரம் பார்க்கும். பார்க்கட்டும். எவ்வளவு நேரமானாலும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகப் போவதில்லை. வழியை நான் மறித்துக்கொண்டு நிற்பேன்.

உங்கள் மகளைக் கட்டிய, உங்களிடம் இன்னும் சண்டை தீராத மருமகன்,
ரூபன்