ஒன்பதாவது ஆளின் மீன்

போன வாரம் மலாக்காவில் செங் என்ற ஊரில் என் மகனுடைய மீன் குளத்தைப் பார்க்க மீன்வள இலாகா அதிகாரி ஒருவர் வந்திருந்தார். சின்ன வயது, இஸ்திரி போட்ட சட்டை, சேறு படாத சப்பாத்து. லைசென்சைப் பார்த்தார், தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டார், வலையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். வலை மேலே வந்ததும் பாசியும் சேறும் மீனும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. அந்த நிமிடமே நீ என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். போகிற போக்கில் அவர், விற்பது போக வீட்டுக்கும் எடுத்துக்கொள்வீர்களா, எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மகன் வாயைத் திறப்பதற்குள் நான் ஆறு பேர் என்றேன். ஐந்துதானே அம்மா என்றான் அவன். எனக்கு வயதாகிவிட்டது என்று இருவரும் பேசாமலே முடிவுகட்டிக்கொண்டார்கள்.

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். தெரிந்திருந்தால் வரிக்கு வரி என்னோடு சண்டைக்கு நின்றிருப்பாய்.

கல்யாணமாகிக் காஜா பேராங்கில் உன் பக்கத்து வீட்டுக்கு நான் குடிவந்த புதிதில், உன் நெற்றித் திருநீற்றைப் பார்த்துத் தமிழில் மளமளவென்று பேசினேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, மலாயில் 'சாப்பிட்டாயா' என்று கேட்டாய். மலாக்கா செட்டி வீடுகளில் சாமி தமிழ்ச் சாமி, பேச்சு மலாய்ப் பேச்சு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்புறம் நான் உன்னிடம் மலாய் கற்றுக்கொண்டேன். நீ என்னிடம் தமிழ் கற்றுக்கொள்ளவே இல்லை. கேட்டால், ஒருத்தி கற்றுக்கொண்டால் போதாதா என்பாய்.

ஜப்பான்காரன் வந்தான். அரிசி போனது, சீனி போனது, உன் வீட்டுக்காரரும் போனார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்த லாரியில் அவரை ஏற்றிவிட்டார்கள். வீட்டில் நீ, உன் மாமியார், நடக்கப் பழகிய மகன், மூன்று பேர். மூன்று வேளையும் மரவள்ளி. அப்போதுதான் மீன் ஆபீசிலிருந்து வீட்டுக்கு வீடு குழி வெட்டச் சொல்லி, ஒரு வாளி மீன் குஞ்சும் கொடுத்தார்கள். கறுப்பாக, முள்ளும் பிடிவாதமுமாக இருந்த அந்த மீனை ஊரே ஜப்பான் மீன் என்றது. உன் வீட்டுப் பின்னால் வாத்து நீந்திய பள்ளம் மீன் குளமானது.

குஞ்சைக் கொடுத்தது ஆபீஸ், அதனால் மீனும் ஆபீசுக்குச் சொந்தம். இதுதான் சட்டம். வீட்டில் தலைக்கு இவ்வளவு என்று ஒரு பங்கு வைத்துக்கொள்ளலாம், மிச்சத்தை டிப்போவில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். விற்கக்கூடாது, உப்புப் போட்டுக் காயவைக்கக்கூடாது, அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவும் கூடாது. தப்பினால் குளத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், ஆளையும் விசாரணைக்குக் கூட்டிப் போவார்கள். கூட்டிப் போனவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மீன் மட்டும் சட்டத்துக்குப் பயப்படவில்லை. குஞ்சுகளை வாய்க்குள் ஒளித்துக்கொள்ளும் மீனை எந்த ஆபீஸ் கணக்கெடுப்பது?

கணக்கெடுக்க வந்தவர் நம்ம ஆள்தான், கையில் பட்டி கட்டிய தமிழ்ப் பையன். கொஞ்சம் ஜப்பான் பேச்சு கற்று ஆபீசில் சேர்ந்திருந்தார். அவர் வந்தது போகிக்கு முதல் நாள். உன் வீட்டில் மறுநாள் பார்ச்சு. செத்துப்போன பெரியவர்களுக்கு வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவீர்கள். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் திறப்பீர்கள். நீ அப்போது இலை நறுக்கிக்கொண்டிருந்தாய். வந்தவர் உன் திருநீற்றைப் பார்த்துத் தமிழில் கேட்டார், நான் செய்த அதே தப்பு. வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்பதை நான் மலாயில் திருப்பிச் சொன்னேன். நீ இலைகளைப் பார்த்தாய், விரலை மடக்கினாய், ஒன்பது என்றாய்.

இவ்வளவு துணிச்சலாகப் பொய் சொல்வாய் என்று நான் நினைத்ததே இல்லை. அவர் ஒன்பது பங்கு என்று எழுதிக்கொண்டு போனதும், உனக்குப் பைத்தியமா என்று பிடித்துக்கொண்டேன். நீ விழித்தாய். சாப்பிடுகிறவர்களைத்தானே கேட்டார், இந்தப் பெரியவர்களும் இந்த வீட்டில்தானே சாப்பிடுகிறார்கள் என்றாய். இருப்பவர்கள் மூன்று, இலை ஐந்து, எட்டுதானே ஆகிறது என்று நான் கேட்டேன். நீ இலையைத் துடைக்கப் போய்விட்டாய்.

உள்ளே உன் மாமியார் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் என் காதில் விழுந்தது. இந்த வருஷம் மகனுக்கும் ஒரு இலை போட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். போய் வருஷமாகிறது, ஒரு சேதி இல்லை, பட்டினியாக எங்கே அலைகிறானோ என்று பெற்ற வயிறு தவித்தது. நீ முடியாது என்றிருந்தாய். இலை போட்டால் நாமே அவரைக் கொன்றதாக ஆகும் என்றிருந்தாய். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நான் என் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் அந்த ஆபீசர் திரும்ப வந்துவிட்டார். ஒன்பது பேர் இருக்கிற வீட்டில் மூன்று சட்டைதான் கொடியில் காய்கிறது என்று யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மீன் பொரித்த வாசம் தெருக்கோடி வரை போயிருந்தது. வேகமாக உள்ளே வந்து, சாத்திய கதவில் கை வைத்தார். நீ குறுக்கே போய் நின்றாய்.

"டியோராங் தெங்ஙா மாக்கான்."

அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் தமிழில் சொன்னேன். யார் என்று கேட்டார். சொன்னேன். அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஜப்பான் ஆபீசில் வேலை பார்த்தாலும் சாப்பிடுகிற பெரியவர்களை எழுப்பக்கூடாது என்று அவர் அம்மா சொல்லி வளர்த்திருப்பார் போலிருக்கிறது. உன் மகன் அவர் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கதவு திறந்தது. மரவள்ளியும் கைப்பிடிச் சோறும் ஆளுக்கொரு பொரித்த மீனுமாக இலைகள் வரிசையாக இருந்தன. அவர் எண்ணினார்.

"இருக்கிறவங்க மூணு, இலை அஞ்சு. ஒம்பதாவது ஆள் யாரு அக்கா?"

நான் மலாயில் கேட்பதற்கு முன்பே உனக்குப் புரிந்துவிட்டது.

"லாக்கி குவா. பெலோம் மாத்தி."

என் புருஷன், இன்னும் சாகவில்லை. இதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அந்த அளவு மலாய் அவருக்கும் தெரியும். உன் மாமியார் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இலை ஏன் இல்லை என்பது அந்த வீட்டில் நின்ற எல்லோருக்கும் விளங்கியது. எழுதியதை ஒரே கோடாக அடித்து மூன்று என்று போட்டிருந்தால் அவர் வேலை முடிந்திருக்கும். குளமும் போயிருக்கும், நீயும் போயிருப்பாய். அவர் நோட்டைப் பிரித்தார்.

"செத்தவங்களுக்கு ஆபீஸ் பங்கு குடுக்காது. அவங்க அஞ்சு பேரையும் வெட்டிடுறேன். இருக்கிறவர் பங்கை நான் வெட்ட முடியாது. நாலுன்னு போடுறேன், அவங்ககிட்டச் சொல்லுங்க."

நான் சொன்னேன். நாலு என்ற சொல்லைக் கேட்டதும் உன் மாமியார் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மகனைச் செத்தவன் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜப்பான்காரன் ஆபீசே அவனை உயிரோடு இருப்பவன் என்று எழுதிக்கொண்டு போகிறதே என்று அவருக்கு ஒரு ஆறுதல். அதற்குப் பிறகு அவர் இலைப் பேச்சை எடுக்கவே இல்லை.

படைத்த மீனைத் திரும்பக் குளத்தில் விட முடியாது என்று நீ ஆபீசரையும் சாப்பிட உட்கார வைத்தாய். பெரியவர்கள் இலையிலிருந்து எடுத்துக் கொடுப்பதை எப்படி வேண்டாம் என்பது? முள்ளோடு போராடி இரண்டு மீன் சாப்பிட்டார். சட்டப்படி கூடாத மீனில் ஒரு பங்கு சட்டத்தின் வயிற்றுக்குள்ளேயே போனது.

ஜப்பான் சண்டை முடிந்து சில மாதம் கழித்து உன் வீட்டுக்காரர் வந்து இறங்கினார். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது. நீ அழவில்லை, நேரே குளத்துக்குப் போய் மீன் பிடித்து வந்தாய். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவு முள்ளா என்று அவர் முகத்தைச் சுளித்தார். அப்போதுதான் உனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவருக்காகவா ஆபீசில் பங்கு வாங்கி வைத்தேன் என்று அழுதுகொண்டே திட்டினாய். அவரோ இன்னொரு மீன் போடச் சொன்னார்.

இந்த வருஷப் போகிக்கு உன் மகன் என்னைக் கூப்பிட்டிருந்தான். கோலும் கையுமாகப் போனேன். உன் வீட்டுக்காரருக்குச் சில வருஷமாகவே இலை போடுகிறார்கள், பக்கத்தில் இப்போது உனக்கும் ஒன்று. உன் இலையில் ஜப்பான் மீன் பொரித்து வைத்திருந்தார்கள், ஓரம் நன்றாக முறுகியிருந்தது. கதவைச் சாத்தினார்கள். எல்லோரும் வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அந்த ஆபீசர் உட்கார்ந்த பெஞ்சில், அதே ஓரத்தில், நீ சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அதனால்தான் ஆறு என்றேன். மகன் ஐந்து என்று திருத்தினான், அதிகாரியும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி வீட்டில் மீன் பொரித்தோம். ஆறு மீன் பொரிக்கச் சொன்னேன். மருமகள் ஏன் என்று கேட்கவில்லை.