நிறையாத நீலத் தொட்டி

7 ஜூலை 2025, திங்கள்
நாரணாபுரத்துக்கு, அதாவது எங்கள் பள்ளிக்கு, இரண்டு குப்பைத் தொட்டிகள் வந்து இறங்கிவிட்டன. நீலத்தில் மறுசுழற்சிக்குப் போகும் காகிதமும் அட்டையும். சிவப்பில் மிட்டாய் உறை, ஷாம்பு பாக்கெட் மாதிரி எதற்கும் ஆகாதவை. பொறுப்பு யாருக்கு? அறிவியல் டீச்சராய்ப் பிறந்த பாவத்துக்கு எனக்குத்தான். தலைமையாசிரியை ஜெயசீலி மேடம் சிரித்துக்கொண்டே தலையில் கட்டிவிட்டார்.

மாவட்டப் பள்ளிகளுக்குள் போட்டியும் உண்டாம். எந்தப் பள்ளியின் நீலத் தொட்டியில் காகிதம் அதிக எடை நிற்கிறதோ, அதற்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் பரிசு. அதைக் கேட்டபிறகு நான் முணுமுணுக்கவில்லை. எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. பிள்ளைகள் கொண்டுவரும் பாட்டில் மதியத்தோடு காலி. ஏழாம் வகுப்புப் பாண்டிமீனா தன் பாட்டிலைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, கடைசிப் பீரியடில் தலைவலி என்று பெஞ்சில் கவிழ்ந்துகொள்கிறாள்.

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் விருதுநகர் தனியார் பள்ளியும் போட்டியில் இருக்கிறது. "பியூலா, பரிசு எங்களுக்குத்தான். நீ ஆசைப்படாத" என்றார். பார்ப்போம், பால்துரை சார்.

11 ஜூலை, வெள்ளி
சிவப்பு நிறைந்து வழிகிறது. நீலம் காலி.

16 ஜூலை, புதன்
நீலத்தில் இன்று ஒரு பல்லி இருந்தது.

18 ஜூலை, வெள்ளி
பொறுமை போய்விட்டது. "ஏலே, காகிதத்தை எல்லாம் எங்கனதான் போடுறீக?" என்று ஏழாம் வகுப்பில் கத்திவிட்டேன்.

சிவபாண்டி எழுந்தான். "போட்டாத்தான டீச்சர்?" பையைக் கவிழ்த்துக் காட்டினான். நோட்டுக்கு அட்டை, மை கலங்கிப்போன ஒரு புஸ்வாண லேபிள். இன்னொரு லேபிளின் வெள்ளைப் பக்கத்தில் ரஃப் கணக்கு. கணக்கு எழுதித் தீர்ந்த தாள் டிபன் பாக்ஸ் கசியாமல் இருக்க மூடிக்கு அடியில். சரி, அதுவும் கிழிந்துபோனால்? "அம்மா அடுப்பு பத்தவைக்கும் டீச்சர்."

வீட்டுக்கு ஒருவர் அச்சகத்திலோ பட்டாசுக் கம்பெனியிலோ இருக்கிற ஊர். தாளைக் குப்பை என்று சொன்ன என்னைத்தான் அத்தனை பேரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வீட்டில் சொன்னால் இவருக்கு ஒரே சிரிப்பு. அவர்கள் பள்ளியில் ஒரு வரி தப்பினால் முழுத் தாளையும் கசக்கி எறிகிறார்களாம். தொட்டி தினமும் நிறைகிறதாம். இது என்ன நியாயம்? வீணாக்குகிறவனுக்கா பரிசு?

24 ஜூலை, வியாழன்
நாளை காலை எடை பார்க்க நடுவர் வருகிறார். ஒரு காரியம் செய்துவிட்டேன். அண்ணன் வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து ஒரு மூட்டை வேஸ்ட் தாள், எல்லாம் மயில் படம் போட்ட பட்டாசு லேபிள், வாங்கி, எல்லாரும் போனபிறகு நீலத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தேன். திருட்டுத்தனம்தான். ஆண்டவர் கோபித்தால் கோபிக்கட்டும். பாண்டிமீனா தண்ணீர் குடிக்கவேண்டும்.

25 ஜூலை, வெள்ளி
ஐயோ. ஐயோ ஐயோ.

நடுவரும் நானும் ஒன்றாகத்தான் உள்ளே நுழைந்தோம். தொட்டி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எல்லா வகுப்பிலும், எல்லா நோட்டுக்கும், புத்தம்புது மயில் லேபிளில் அட்டை! ஒன்றாம் வகுப்பு வாண்டுகள் தலையில் மயில் தொப்பி! பாண்டிமீனா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "டீச்சர், யாரோ கூறுகெட்டவுக நல்ல தாளை எல்லாம் குப்பையில கொட்டிட்டுப் போயிட்டாக. நாங்க எடுத்துட்டோம். ஒங்க நோட்டுக்கும் அட்டை போட்டாச்சு."

அந்தக் கூறுகெட்டவள் நான்தான் தாயி.

நடுவர் படிவத்தில் பள்ளியின் பெயரைத் தப்பாக எழுதிவிட்டு, தாளைக் கசக்கி எங்கள் தொட்டியில் போட்டார். அப்பாடா, ஒரு தாளாவது எடைக்கு இருக்கிறது என்று நினைத்தேன். தராசை எடுத்துவந்து பார்த்தால் அதையும் காணோம். சிவபாண்டி தொடையில் வைத்து நீவிக்கொண்டிருந்தான். "பின்பக்கம் அம்புட்டும் வெள்ளை சார்."

நடுவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார்.

2 ஆகஸ்ட், சனி
பரிசு இவர் பள்ளிக்கு. "எங்கள்ட்ட ஏற்கனவே மாடிக்கு ஒண்ணு இருக்கே, இதை எங்கன வைக்க?" என்கிறார். அதை எங்கிட்ட வந்து கேக்கணுமா? அளுகையா வருது. உப்புத் தண்ணி குடிக்கிற பிள்ளைகளுக்குப் பூஜ்யம், கசக்கிப் போடுறவுகளுக்கு மிஷினு. போங்க.

இரவு சோறு மட்டும் வைத்தேன். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை, வெறும் ரசம்.

5 ஆகஸ்ட், செவ்வாய்
இன்றும் ரசம்.

11 ஆகஸ்ட், திங்கள்
மூன்றாம் பீரியடில் ஒரு லோடு ஆட்டோ வாசலில் நின்றது. இறங்கியவர் இவர்! கூடவே பெரிய பெட்டி. தன் பள்ளித் தாளாளரிடம் போய் நின்று, பரிசு மிஷினை நாரணாபுரத்துக்குக் கொடுத்தால் பத்திரிகையில் உங்கள் போட்டோ வரும் என்று பேசிப் பேசியே கறந்திருக்கிறார். "ஒரு வாரமா ரசம் மேடம். பொறுக்க முடியல" என்று ஜெயசீலி மேடத்திடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்த மனுசனை என்ன செய்ய?

அட்டைப் பெட்டியை எட்டாம் வகுப்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மாட்டிக்கொடுக்க வந்தவர், ஒரு குழாயில் நல்ல தண்ணீர் வரும், இன்னொன்றில் உப்புத் தண்ணீர் கழிவாக வெளியே போகும் என்றார். கழிவா? சிவபாண்டி ஓடிப்போய் நீலத் தொட்டியைத் தூக்கிவந்து அந்தக் குழாய்க்கு அடியில் வைத்தான். "கக்கூஸ் களுவ ஆகும்ல டீச்சர்?"

பாண்டிமீனா இரண்டு தம்ளர் குடித்தாள். கடைசிப் பீரியடில் கேள்வி கேட்டே என் உயிரை எடுத்துவிட்டாள்.

இன்று வீட்டில் மீன் குழம்பு. கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். நீலத் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது.