எண்ணெய்ச் சட்டி வைக்காத தீபாவளி

தீபாவளி, வியாழன் இரவு.

அம்மா இறந்து ஏழு மாதம். ஆண்டுத் திவசம் முடியும்வரை வீட்டில் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அக்கா கனடாவிலிருந்து அனுப்பிய பெக்கான் பருப்பு பழுதாகிவிடும் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லி, அப்பாவுக்குத் தெரியாமல், பரந்தன் பேக்கரியின் போறணை அடுப்பில் சொக்லட் பெக்கான் 'பை' என்ற இனிப்புப் பண்டம் சுட்டு, மாமி வீட்டு விருந்துக்குக் கொண்டுபோனேன்.

"சட்டி வைச்சனியோ?" என்று மாமி கேட்டா.

"இல்லை மாமி, போறணையில சுட்டது."

பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

வெறுந்தட்டோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா தட்டை வாங்கி மணந்து பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன்.

"அம்மாவுக்கு ஒரு துண்டு வைச்சனியோ பிள்ளை?"

தட்டில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி அம்மாவின் படத்தடியில் வைத்தேன். எறும்பு மொய்க்கிறதா என்று இரண்டு தரம் எழும்பிப் பார்த்துவிட்டேன். அப்பாவின் அறையிலும் லைட் எரிகிறது.